கடலில் கரையாதவை – 9: எண்ணெய் வால், உலோகத் தலை

கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா என்று தூத்துக்குடிக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். கட்டியைத் தேய்க்கத் தேய்க்க நுரைக்குப் பதிலாக, பால் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் விரலிடுக்கில் பிசுபிசுக்கும். நகத்தால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அந்தத் துணுக்கும் சோப்புதான். உள்ளே இருக்கும் உலோகம்தான் ஆள் மாறிவிட்டது. கடைச் சோப்பில் இருப்பது சோடியம். கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. இவை சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. சோடியம் ஒரு கொழுப்புச் சங்கிலியைத்தான் பிடிக்கும். கால்சியம் இரண்டைப் பிடிக்கும். கரையும் குணம் அத்தோடு போயிற்று. தேங்காயெண்ணெய்ச் சோப்புக்குச் சங்கிலி குட்டை என்பதால் அது மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாலுமிகளுக்கான சோப்பை அந்த எண்ணெயில் காய்ச்சியது இதனால்தான்.

சென்ற வாரம் சோப்பு மூலக்கூறின் தலையையும் வாலையும் பார்த்தோம். தலை நீரை விரும்பும், எண்ணெய் வால் நீரைக் கண்டால் ஒதுங்கும். அந்தத் தலையிலேயே ஓர் உலோகத்தை இறுகப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்?

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எஸ். அருணாசலம் குழுவினர் 2000-களில் செய்து பார்த்தது இதைத்தான். கோபால்ட் அயனியைச் சுற்றி நைட்ரஜன் உள்ள மூலக்கூறுகளைக் கட்டி, அவற்றில் ஒன்றுக்கு 12 கார்பன் நீளத்தில் வால் கொடுத்தார்கள். பிறகு அதைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மின்கடத்தலை அளந்தார்கள். சேர்க்கச் சேர்க்க அளவீடு நேர்கோடாக ஏறும். ஓரிடத்தில் கோடு மடங்கி, ஏற்றம் மந்தமாகும். தனித்தனியாகத் திரிந்த மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டித் திரளத் தொடங்கும் இடம் அது. அந்தத் திரளுக்கு மைசெல் என்று பெயர். ஷாம்பூவில் இருக்கும் சோடியம் லாரில் சல்பேட், தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் சேர்ந்ததும் அறுபது அறுபதாகத் திரளும். உப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம்.

கோபால்ட் தலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நேர்மின்சுமை. தலைகள் ஒன்றையொன்று தள்ளும், திரள்வது தாமதப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. உலோகமே இல்லாத, அதே நீள வாலுள்ள டோடெசைல் அமோனியம் குளோரைடைவிட மிகக் குறைந்த அளவிலேயே இது திரண்டுவிட்டது. பெரிய தலையில் மின்சுமை பரவிக் கிடப்பதால் தள்ளுமுள்ளு குறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வகத்தில் மூலக்கூறுக்குத் துணை ஏராளம். துறைமுகத்தில் அப்படியில்லை.

1960-களிலிருந்து, கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்கக் கப்பல்களின் அடிப்பாகத்தில் ட்ரைபியூட்டைல் டின் கலந்த பெயின்டைப் பூசினார்கள். ஒரு வெள்ளீய அணு, அதில் நான்கு கார்பன் நீளத்தில் மூன்று வால்கள். கறாராகப் பார்த்தால் சோப்பு வகையில் சேராது, ஆனாலும் பங்காளிதான். துறைமுக நீரில் இது லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். மைசெல் கட்ட அதைப்போல் கோடி மடங்குக்கு மேல் வேண்டும். தன் இனம் கிடைக்காத வால், எண்ணெய்ப்பசை எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. நீர்ப்பரப்பில் படரும் மெல்லிய ஏடு, அடிச்சேறு, சிப்பி நத்தைகளின் சதை எல்லாம் அதற்கு வீடுதான். வெயில் படும் நீரில் சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துவிடும்; காற்றுப் புகாத சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வாளியில் நீரை மொண்டு சோதித்துவிட்டுச் சுத்தம் என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். சேற்றையும் நத்தையையும் பார்க்கவேண்டும்.

பார்த்தவர்கள் உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் எடுத்த தைஸ் பைசீரியாலிஸ் என்ற பாறை நத்தையில், பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருந்ததை ராமசாமி, முருகன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் பதிவு செய்தார்கள். இம்போசெக்ஸ் எனப்படும் இந்தக் கோளாறு, வெள்ளீயப் பெயின்டின் கைரேகை. ஐரோப்பிய நத்தை ஒன்றுக்கு லிட்டருக்கு ஓரிரு நானோகிராமே போதுமானதாக இருந்தது. நம் ஊர்ச் சங்கும் அதே வரிசையைச் சேர்ந்த உயிர்தான்.

சிப்பிகளும் தப்பவில்லை. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் தேறவில்லை, வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்துக் கோணின. 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு இந்தப் பெயின்டைத் தடை செய்தது. இதைப் படித்துவிட்டு, நம் முத்துப் பார்கள் வறண்ட பழியையும் வெள்ளீயத்தின் தலையில் கட்ட ஆசை வரும். காலம் ஒத்துவரவில்லை. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. தூத்துக்குடியில் பெரிய துறைமுகம் திறந்ததோ 1974-இல்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் கொண்டுவந்த தடை 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் பழைய பெயின்டின் மிச்சம் படிந்த எந்தத் துறைமுகத்திலும், ஆழப்படுத்தக் கிளறும்போது அடிச்சேறு தான் வைத்திருப்பதை மறுபடி நீரில் விடும். இப்போது கப்பல்களில் பூசுவது பெரும்பாலும் தாமிரப் பெயின்ட். தாமிரத்துக்குச் சொந்தமாக வால் கிடையாது. கடல்நீரில் மிதக்கும் கரிமப் பொருட்களைத்தான் அது தேடிப் பிடிக்கிறது. யாரைப் பிடிக்கிறது, பிடித்தபின் அதன் நஞ்சு ஏன் தணிகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)