களனிக் கரையும் அணைக்கு அப்பால் வாழ்வோரும்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி எமது நாட்டைத் தாக்கியபோது 600க்கும் அதிகமான உயிர்கள் பலியாகின. மலையகத்தின் மண்சரிவுகளே அந்த அனர்த்தத்தின் அடையாளமாக மக்கள் மனங்களில் பதிந்துள்ளன. அது இயல்பானதே. எனினும் அதே நாட்களில் தலைநகரின் வாசற்படியிலே, கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை, களனி ஆகிய பிரதேசங்களில், ஏராளமான குடும்பங்கள் தம் வீட்டுச் சாமான்களைக் கைக்கெட்டிய உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் தஞ்சம் புகுந்திருந்தன. அவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. 2016 இல் வந்தது. 2021 இல் வந்தது. 2024 இல் வந்தது. சுவரில் படிந்த சேற்றுக்கோட்டைச் சுண்ணாம்பு பூசி மறைத்த கை காய்வதற்குள் அடுத்த கோடு விழுந்துவிடுகின்றது.

ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வடிந்த பின்னர், நனையாத வீடுகளில் இருப்போரிடமிருந்து ஒரு கேள்வி எழுவதுண்டு. தண்ணீர் வருமென்று தெரிந்தும் இவர்கள் ஏன் அங்கே போய்க் குடியிருக்கின்றனர் என்பதே அது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அந்த வீடுகள் நனைவதற்கும் கொழும்பு மாநகரம் நனையாதிருப்பதற்கும் தொடர்பு எதுவும் இல்லையா?

முதலில் ஆற்றை நோக்குவோம். சிவனொளிபாதமலைத் தொடரை அண்டிய மலைகளில் ஊற்றெடுக்கும் களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பின் வட எல்லையில் முகத்துவாரத்தை அண்டிக் கடலில் கலக்கின்றது. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு கிளைகளாக இறங்கி இந்த ஆற்றையே அடைகின்றது. அங்கே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் உள்ளனவே, அவை வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தாவா என வாசகர்கள் கேட்கலாம். அவை மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. அத்துடன் நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் பிரதேசங்களில் ஒன்றான கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகள் அந்த நீர்த்தேக்கங்களுக்குக் கீழேயே இருக்கின்றன. அங்கு கொட்டும் மழையை மறிப்பதற்கு எதுவுமில்லை. மலையிலிருந்து வேகமாக இறங்கும் நீர் ஹங்வெல்லையைக் கடந்ததும் ஏறக்குறையச் சமதரையில் நடக்கத் தொடங்குகின்றது. கடல் மட்டத்தை விடச் சற்றே உயர்ந்த அந்த நிலத்தில் ஆறு பரந்து விரிந்துதான் ஓட முடியும். சதுப்பு நிலங்களும் வயல்களும் தாழ்நிலங்களும் இயற்கை அதற்கென விட்டுவைத்த இடங்களாகும்.

இடப்பெயர்களே இதற்குச் சாட்சி கூறுகின்றன. வடகரையில் உள்ள முத்துராஜவெல என்ற பெயரின் கடைசியில் நிற்கும் 'வெல' சிங்களத்தில் வயலைக் குறிக்கும். தென்கரையில் 'மேகொட கொலன்னாவை' என்றொரு பகுதி உண்டு. 'மேகொட' என்பது இக்கரை எனப் பொருள்படும். ஆற்றை வைத்தே அளந்து பெயரிட்டவர்கள் எதை மனதிற்கொண்டு பெயரிட்டனரோ, அதை நாம் காணி விளம்பரங்களில் மறந்துவிட்டோம்.

பிரித்தானியர் காலத்திலேயே கொழும்பை இந்த ஆற்றிடமிருந்து காப்பாற்றும் வேலை தொடங்கிவிட்டது. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924 ஆம் ஆண்டுக்குரியது. களனியின் கீழ்ப்பகுதியில் இரு மருங்கிலும் மண் அணைகள் எழுப்பப்பட்டன. அணை என்றதும் ஒரு பாதுகாப்பு என்றே எண்ணுகின்றோம். ஆனால் எந்த அணைக்கும் இரு பக்கங்கள் உண்டு. நகரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு அது காவல். ஆற்றின் பக்கத்தில் நிற்பவருக்கோ அதுவே வெள்ளத்தை உயர்த்தும் சுவர். முன்னர் பல மைல் அகலத்தில் முழங்காலளவு பரவிச் சென்றிருக்கக்கூடிய நீர், அணைகளுக்கு இடையே ஒடுக்கப்படும்போது கழுத்தளவு உயர்கின்றது. இதில் சூழ்ச்சி எதுவுமில்லை, வெறும் பௌதிகவியல்தான். துறைமுகத்தையும் வர்த்தக நிலையங்களையும் உள்ளடக்கிய நகரத்தைக் காப்பதற்காக அணைக்கு வெளியே உள்ள நிலம் வெள்ளத்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. அன்று அந்நிலத்தில் பெரும்பாலும் வயலும் கீரைப்பாத்தியுமே இருந்தமையால் அத்தீர்மானத்தில் எவரும் பெரிதாகக் குறைகண்டிருக்க மாட்டார்கள்.

இன்று அந்த நிலத்தில் மனிதர்கள் வாழ்கின்றனர். அவர்கள் அங்கு வந்த கதை எளிமையானது. புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாகவும், துறைமுகத்தில் கூலியாகவும், நகரத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுநராகவும் உழைப்பவர் நகரத்துக்குள் ஒரு பேர்ச் காணி வாங்க முடியாது. மாளிகாவத்தையிலும் தெமட்டகொடையிலும் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைகள் நெருங்கி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் திருமணமானதும் கொலன்னாவைப் பக்கம் நகர்ந்தன. தோட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் குறைந்த வாடகையை நாடியே ஆற்றோரம் சென்றன. சிங்களக் குடும்பங்களின் நிலைமையும் வேறல்ல. ஆற்றங்கரையில் நிலம் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்பதை வாங்கியவர் ஓரளவு அறிந்திருப்பார். ஆனால் முழுமையாக அறிந்திருந்தவர் விற்றவரே. கோடையில் காணியைக் காட்டி மழைக்கு முன் உறுதி எழுதுவது இந்தத் தொழிலின் பழைய சாமர்த்தியங்களில் ஒன்று.

அணைக்கு உட்பக்கத்தில் இருப்போருக்கு ஆபத்தில்லை என எவரும் எண்ணிவிடக் கூடாது. நகரத்தின் மழைநீர் கால்வாய்கள் வழியாக ஆற்றுக்குள் வடிய வேண்டும். ஆறு உயர்ந்திருக்கும்போது அணையில் உள்ள மதகுகள் மூடப்படுகின்றன. மூடாவிட்டால் ஆறு நகருக்குள் புகுந்துவிடும். மூடிய பின்னரோ உட்பக்கத்தில் பெய்யும் மழைக்குப் போக்கிடமில்லை. அதைத் தாழ்நிலங்களும் சதுப்புகளும் தாங்கிக்கொள்ள வேண்டும் அல்லது பம்பிகள் இறைத்து வெளியேற்ற வேண்டும். 2010 நவம்பரில் ஒரே இரவில் பெய்த கடும் மழையினால் தியவன்னா ஓயாவை அண்டிய பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டம் இயற்றும் இடத்துக்கே தண்ணீர் வந்த பின்னர்தான் கொழும்பின் வடிகால் பிரச்சினை பெருந்திட்டமொன்றின் தகுதியைப் பெற்றது.

ஆகவே சதுப்பு நிலம் என்பது பயனற்ற நிலமல்ல. அது நகரத்தின் தண்ணீர்த் தொட்டி. இந்த உண்மையை நாம் மிகத் தாமதமாகவே உணர்ந்தோம். கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை நிரப்பி அபிவிருத்தி செய்வதற்கென 1968 இல் ஒரு சட்டத்தின் மூலம் சபையொன்று அமைக்கப்பட்டது. தாழ்நிலம் என்றால் நிரப்ப வேண்டியது என்பதே அக்காலச் சிந்தனை. அதன் வழிவந்த நிறுவனமே பின்னாளில் கால்வாய்களைத் துப்புரவு செய்யவும் எஞ்சிய சதுப்புகளைப் பேணவும் வேண்டியிருந்தது ஒரு விசித்திரம். 2018 இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த அங்கீகாரத்தைப் பெற்ற முதல் 18 நகரங்களுள் இதுவும் ஒன்று. பெருமைக்குரிய விடயமே. ஆயினும் அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, இதே கொலன்னாவையின் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அது கொழும்பு நகரத்தின் குப்பை. நகரத்தின் தண்ணீரைத் தாங்கிய தாழ்நிலமே அதன் கழிவையும் தாங்க நேர்ந்தது.

இனி, கரையில் வாழ்வோருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விடயத்துக்கு வருவோம். களனியின் நீர்மட்டம் பல இடங்களில் அளக்கப்படுகின்றது. வெள்ள காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வெளியிடும் அட்டவணைகளில் கித்துல்கலை, தெரணியகலை, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி ஆகிய பெயர்கள் காணப்படும். கொழும்பை அண்டியோருக்கு இவற்றுள் இரண்டு முக்கியமானவை. நாகலகம் வீதி அளவுகோல் அடிக்கணக்கில் வாசிக்கப்பட்டு வந்தது. அங்கு 4 அடி என்பது எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 2016 இலும் 2025 இலும் நீர் 7 அடியைத் தாண்டியது. ஹங்வெல்ல அளவுகோலோ மீற்றரில் உள்ளது. 7 மீற்றர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். ஒரே அட்டவணையில் ஓரிடத்தில் அடியும் மற்றோரிடத்தில் மீற்றருமாக இருப்பதனால், வானொலியில் "ஏழு" எனக் கேட்பவர் எதை எண்ணிக் கலங்குவது, எதை எண்ணி ஆறுதலடைவது எனத் தடுமாற வேண்டியுள்ளது. நாம் பரிந்துரைப்பது இதுவே: வீட்டின் மேல் உள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கொழும்பில் வெயில் எறிக்கும் நாளிலும் வெல்லம்பிட்டியில் வெள்ளம் வரலாம். ஹங்வெல்லையில் மட்டம் உயர்ந்து சென்றால் அந்த நீர் கீழே வந்து சேரப் பல மணித்தியாலங்கள் உண்டு. முதியோரையும் நோயாளரையும் அப்புறப்படுத்தவும், உறுதிகள், தேசிய அடையாள அட்டைகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்பவற்றை எடுத்துக்கொள்ளவும் அந்த மணித்தியாலங்களே கிடைக்கும் அவகாசம்.

ஆனால் அந்தச் செய்தி எந்த மொழியில் வருகின்றது? தமிழ் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரச கரும மொழியாக்கப்பட்டது. எனினும் 2025 அனர்த்தத்தின்போது எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகைகளில் உள்ள எழுத்துப்பிழைகளைப் பற்றியே நாம் பெரும்பாலும் எழுதிவந்துள்ளோம். வெள்ளம் வரும் இரவில் அது உயிர் பற்றிய விவகாரமாகிவிடுகின்றது. மொழிபெயர்த்து முடிக்கும்வரை ஆறு காத்திருப்பதில்லை.

2016 மே மாதத்தை இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. அந்த வெள்ளம் வெசாக் பௌர்ணமியை ஒட்டி வந்தது. ரமழான் தொடங்குவதற்கு மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை. நோன்புக்கென வாங்கி வைத்த அரிசியும் வெசாக்கிற்கென வாங்கிய கடதாசியும் ஒரே சேற்றில் கிடந்தன. அந்நாட்களில் பள்ளிவாசல்களில் சமைத்த உணவு இன, மத வேறுபாடின்றிப் படகுகளில் கொண்டுசெல்லப்பட்டது. அரசியல்வாதிகள் வந்து சேர்வதற்கு முன்னரே இளைஞர்கள் கயிறுகளுடன் வந்து சேர்ந்திருந்தனர். இதைப் பாராட்டுவது கடமை. ஆயினும் அயலவரின் நற்குணத்தையே அனர்த்த முகாமைத்துவத் திட்டமாக அரசு நம்பியிருப்பது எவ்வளவு காலத்துக்கு?

கரையோரக் குடும்பங்களை அகற்றிக் குடியமர்த்துவதே முடிவான தீர்வு எனச் சிலர் கூறுவர். ஆற்றின் விளிம்பிலேயே இருக்கும் வீடுகளைப் பொறுத்தவரை அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் உறுதியில்லாக் காணியில் முப்பது வருடம் வாழ்ந்தவர் நட்டஈட்டுப் பட்டியலில் எங்கே நிற்பார்? முற்றத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரும் வாசலில் முச்சக்கர வண்டியை நிறுத்துபவரும் எட்டாம் மாடியில் எவ்வாறு பிழைப்பர்? பள்ளிவாசல், கோவில், பாடசாலை ஆகியவற்றிலிருந்து பிரிக்கப்படும் சமூகத்தின் நிலை என்ன? இவற்றுக்குப் பதில் கூறாத எந்தத் திட்டமும், காலியான வீட்டில் வேறொரு வறிய குடும்பம் வாடகைக்கு வந்து குடியேறுவதிலேயே முடியும்.

அதற்கிடையில் செய்யக்கூடிய சில காரியங்கள் பெரும் பணத்தை வேண்டி நிற்பவையல்ல. காணி அணைக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது, கடந்த வெள்ளங்களில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கலாம். நிரப்பிய சதுப்புகளில் காணி துண்டாடுவதற்கு அனுமதி வழங்குவோர் தம் கையொப்பத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும். ஒவ்வோர் ஒழுங்கையிலும் உள்ள மின்கம்பங்களில் 2016, 2025 வெள்ள மட்டங்களைக் கோடிட்டு, நாகலகம் வீதியில் எத்தனை அடியாகும்போது அந்த இடத்துக்குத் தண்ணீர் வரும் என்பதை மும்மொழிகளிலும் எழுதி வைக்கலாம். கிராம உத்தியோகத்தருக்கும் அப்பகுதி இளைஞர்களுக்கும் ஒரு வார இறுதி நாள் போதும். மே மாதத்தில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குவதற்கு முன்பாக அதைச் செய்துமுடிக்கலாம்.