மறைக்கல்விக்கும் பாடக்குறிப்பு வேண்டும்

கணக்குப் பாடம் நடத்தச் செல்லும் ஆசிரியையின் கையில் பாடக்குறிப்பு ஏடு இருக்கும். அறிவியல் ஆசிரியை சோதனைக்குழாயையும் வரைபடத்தையும் முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்வார். மறைக்கல்விப் பாடவேளைக்கு மட்டும், "கடவுளைப் பற்றித்தானே பேசப் போகிறோம், அதற்கு என்ன தயாரிப்பு?" என்ற எண்ணம் பலரிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. அரசுத் தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடம் ஆகையால், விழா ஒத்திகை வந்தாலும், வேறு பாடம் முடியாமல் நின்றாலும், முதலில் பறிபோவது இந்த வேளைதான். புனிதரின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா? மறைக்கல்வி ஆசிரியைக்குப் பாடம் திட்டமிடும் பயிற்சி ஏன் தேவை, அப்பயிற்சியில் அவர் என்ன கற்கிறார் என்பதை மாணவியரும் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

மணியோசையும் முதல் நூலும்

1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழ் தெரிந்தோரின் துணையோடு மொழிபெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். கற்ற பிள்ளைகள் வீட்டிலுள்ளோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏவினார். அவருக்குப் பின் அதே கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. ஆக, நம் மொழியின் அச்சு வரலாறே ஒரு மறைக்கல்வி நூலோடு தொடங்குகிறது என்றால் மிகையாகாது.

அன்று முதல் வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்யும் முறையே நெடுங்காலம் நிலைத்தது. அதை இகழ்ந்து பேசுவது சரியன்று. எண்பது வயதுப் பாட்டி நோய்ப் படுக்கையிலும் செபங்களைத் தடுமாறாமல் சொல்வது அம்முறையின் பலனே. நினைவாற்றலைப் பயன்படுத்துவதை அடியோடு கைவிடலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 1979ஆம் ஆண்டின் மறைக்கல்வி மடலில் எழுதினார். ஆயினும் விடையைச் சொல்லும் நாவுக்கும் அதன்படி நடக்கும் காலுக்கும் இடையே தூரம் உண்டு. அத்தூரத்தைக் குறைப்பதே பாடத் திட்டத்தின் வேலை.

முறையும் செய்தியும்

பி.எட். படித்த ஆசிரியைகள் அனைவரும் ஹெர்பார்ட்டின் படிகளை அறிவர்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்துதல். ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் (1776-1841) வழிவந்தோர் வகுத்த இப்படிகளை, 1900ஆம் ஆண்டை ஒட்டி, மியூனிக், வியன்னா நகரங்களின் கத்தோலிக்க ஆசிரியர்கள் மறைக்கல்விக்குத் தக்கபடி மாற்றினார்கள். முதலில் வரையறையைச் சொல்லிப் பிறகு விளக்குவதை விட்டு, முதலில் ஒரு நிகழ்ச்சியைப் பிள்ளையின் கண்முன் நிறுத்துவது, அதிலிருந்து கருத்தை எடுப்பது, பின்னர் வாழ்க்கையில் பொருத்துவது என்று அமைத்தார்கள். இது 'மியூனிக் முறை' எனப் பெயர் பெற்றது.

முறை மட்டும் நன்றாயிருந்தால் போதுமா? போதாது என்றார் ஆஸ்திரியா நாட்டு இயேசு சபைக் குரு யுங்மன். மறைக்கல்வி என்பது பல உண்மைகளின் பட்டியல் அன்று, கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஒரே நற்செய்தி என்று 1936இல் வெளியான நூலில் அவர் வற்புறுத்தினார். 1960இல் ஜெர்மனியின் ஐக்ஸ்டாட் நகரில் கூடிய உலக மறைக்கல்விக் கருத்தரங்கும் இவ்வழியே சென்றது. விவிலியம், திருவழிபாடு, கோட்பாடு, கிறிஸ்தவ வாழ்வின் சான்று ஆகிய நான்கு வழிகளும் மறைக்கல்வியில் சேர வேண்டும் என்பது அதன் முடிவு.

இந்தியாவில் இம்மறுமலர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் தமிழரான அருட்தந்தை அமலோர்பவதாஸ் (1932-1990). 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை அவர் வழிநடத்தினார். பிள்ளையின் அன்றாட அனுபவத்திலிருந்து தொடங்கு, அதை இறைவார்த்தையின் ஒளியில் பார், பதிலுரைக்க வழி செய் என்பதே இன்று நம் பயிற்சி முகாம்களில் கற்பிக்கப்படும் வரிசை.

ஒரு பாடம் உருவாகும் விதம்

ஆறாம் வகுப்பில் நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10) நடத்த வேண்டும் என்று கொள்வோம். பாடவேளை 40 நிமிடம். ஆசிரியை முதல்நாள் மாலையே அப்பகுதியைத் தமக்காக ஒருமுறை வாசிக்கிறார், செபிக்கிறார். தம் உள்ளத்தைத் தொடாத வார்த்தை பிள்ளையின் உள்ளத்தைத் தொடாது.

அடுத்து, நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார். 'நல்ல சமாரியர் கதை' என்று எழுதினால் அது தலைப்பு, நோக்கம் அன்று. திருச்சட்ட அறிஞர் தமக்கு அயலார் யார் என்று கேட்டார். கதையின் முடிவில் இயேசுவோ, மூவருள் அயலாராக நடந்துகொண்டவர் யார் என்று கேள்வியையே திருப்பிவிட்டார். எனவே நோக்கம் இவ்வாறு அமையும்: 'என் அன்புக்கு உரியவர் யார் என்று எல்லை வகுப்பதை விட்டு, நான் யாருக்கு அயலாராக இருக்கிறேன் என்று மாணவி தன்னையே கேட்பாள்.' இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது போலத்தான்.

பிறகு கதையின் பின்னணியைத் தேடுகிறார். எருசலேம் மலைமேல் உள்ள நகர். எரிகோவோ கடல் மட்டத்திற்கும் கீழே இருக்கிறது. இடையிலுள்ள பாதை ஏறத்தாழ 1000 மீட்டர் சரிவில் பாறைகளுக்கிடையே இறங்குகிறது. கள்வர் ஒளிய ஏற்ற இடம். யூதருக்கும் சமாரியருக்கும் தீராப் பகை. சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம், கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். இவற்றையெல்லாம் கரும்பலகையில் ஒரு சிறு படமாக வரைந்தால் பிள்ளைகள் பாதையையே கண்டுவிடுவார்கள்.

இப்போது நேரத்தைப் பகிர்கிறார். முதல் 5 நிமிடம் பிள்ளைகளின் அனுபவம்: "மதிய உணவு வேளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவியைப் பார்த்ததுண்டா? அவள் அருகில் ஏன் யாரும் உட்காரவில்லை?" அடுத்த 10 நிமிடம் கதை, புத்தகத்தைப் பாராமல், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பின் 15 நிமிடம் உரையாடல். "குரு என்ன செய்தார்?" என்பது நினைவைச் சோதிக்கும் கேள்வி, ஒன்றிரண்டு போதும். "அவர் விலகிப் போனதற்கு என்ன காரணங்கள் இருந்திருக்கலாம்? நாம் சொல்லும் காரணங்கள் எவை?" என்பவை உள்ளத்தைத் திறக்கும் கேள்விகள். அடுத்த 5 நிமிடம் அமைதியும் செபமும். கடைசி 5 நிமிடம், இவ்வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு செயலை ஒவ்வொருத்தியும் தன் ஏட்டில் எழுதிக்கொள்வாள். அதை உரக்கப் படிக்கச் சொல்லலாகாது. அது அவளுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளது.

திட்டமில்லாத வகுப்பில் இதே பாடம், "ஆகவே பிள்ளைகளே, எல்லாரிடமும் அன்பாய் இருங்கள்" என்ற அறிவுரையோடு முடிந்துபோகும். யாருக்கும் உறுத்தாது. ஆனால் நம் நாட்டில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் உண்டு என்பதை மறுக்க முடியுமா? உவமையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவி, வேறு தெருவிலிருந்து வரும் தோழியின் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடத் தயங்கினால், அவள் பெற்ற நூற்றுக்கு நூறும் பயன் என்ன? எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முன்னரே எண்ணிப் பார்த்த ஆசிரியைதான், யாரையும் புண்படுத்தாமல் இந்தச் சுவரைத் தொட முடியும்.

பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது?

விரிவுரைகளைக் கேட்பதால் மட்டும் இத்திறமை வாராது. அனுபவமுள்ள ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த, மற்றவர்கள் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பின்னர் ஒவ்வொருவரும் ஒரு பாடத்தின் சிறு பகுதியை, தொடக்கத்தையோ, கதையையோ, கேள்விகளையோ, 10 நிமிடம் சக ஆசிரியைகள் முன் நடத்துகிறார்கள். குறைநிறைகளைக் கேட்டுத் திருத்தி மறுபடியும் நடத்துகிறார்கள். வயதுக்கு ஏற்ற மொழியும் கற்கப்படுகிறது. புதுநன்மைக்குத் தயாராகும் சிறுமிக்குக் கதையும் பாட்டும் வேண்டும். பதினைந்து வயது மாணவிக்கோ அவளுடைய ஐயங்களைக் கேட்கும் பொறுமை வேண்டும்.

வகுப்பில் பிற சமய மாணவியரும் இருக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், இசைவின்றி எவரையும் சமய போதனையில் பங்கேற்கச் சொல்லலாகாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. சிறுவயதினருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு வேண்டும். அவர்களுக்கென நடைபெறும் நல்லொழுக்க வகுப்பும் இதே கவனத்தோடு திட்டமிடப்பட வேண்டும். அது ஓய்வு வேளை அன்று.

பெற்றோருக்கு ஒரு சொல்

கிறிஸ்தவக் கல்வி பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு (1965), பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர்கள் பெற்றோரே என்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2021இல் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிறுவப்பட்ட திருப்பணிகளுள் ஒன்றாக உயர்த்தினார். இவ்வளவு மதிப்பு வாய்ந்த பணியை வாரத்தில் ஒன்றிரண்டு வேளைகளில் பள்ளி மட்டும் நிறைவேற்றிவிட முடியாது. எனவே அன்பு பெற்றோர்களே, "இன்று என்ன மதிப்பெண்?" என்று கேட்பதுபோல், "இன்று மறைக்கல்வியில் எதைப் பற்றிப் பேசினீர்கள்?" என்றும் மகளைக் கேளுங்கள். மாணவியரே, உங்கள் ஏட்டில் எழுதிய அந்தச் சிறு செயலை அவ்வாரமே செய்து முடியுங்கள். ஆசிரியை இரவில் கண்விழித்து எழுதும் பாடக்குறிப்பின் கடைசி வரியை நிறைவு செய்ய உங்களால் மட்டுமே முடியும்.