தேயும் டயர் சொல்லும் கணக்கு

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் டயர் சாலையைப் பற்றிக்கொண்டுதான் வண்டியைத் திருப்புகிறது. உராய்வு இல்லையேல் வண்டி திரும்பாது, நிற்கவும் செய்யாது. ஆனால் உராய்ந்தால் ரப்பர் தேய்கிறதே! எவ்வளவு தேய்கிறது?

ஒரு கணக்குப் போடுவோம். 1 மீட்டர் விட்டமுள்ள லாரி டயர் ஒன்று 60,000 கி.மீ. ஓடி 12 மி.மீ. தேய்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கி.மீ. தூரத்தில் அது சுமார் 318 முறை சுழலும். இனி வகுத்துப் பாருங்கள். ஒரு சுற்றில் தேய்வது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவு! சில அணுக்களை அடுக்கிவைத்த கனமே அது.

ஆய்வுக்கூடத்தில்

புதிய ரப்பர் கலவையைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் லாரியை மாதக்கணக்கில் ஓட்ட முடியுமா? அதற்காகவே ஓர் எளிய கருவி உண்டு. 150 மி.மீ. விட்டமுள்ள உருளை மீது உப்புத்தாளைச் சுற்றியிருப்பார்கள். அது நிமிடத்துக்கு 40 முறை சுழலும். 16 மி.மீ. விட்டமுள்ள ரப்பர்த் துண்டு 10 நியூட்டன் விசையுடன், அதாவது சுமார் ஒரு கிலோ எடையின் அழுத்தத்துடன், அதன்மேல் 40 மீட்டர் தூரம் உராயும். இரண்டே நிமிட வேலை! முன்னும் பின்னும் துண்டை நிறுத்து, குறைந்த நிறையை அடர்த்தியால் வகுத்தால் தேய்ந்த பருமன் கிடைத்துவிடும்.

ஆனால் சாலை உப்புத்தாள் அன்று. சாலையில் வெப்பம், மழை, வளைவு, பிரேக் எல்லாம் உண்டு. உப்புத்தாளில் வென்ற ரப்பர் சாலையில் தோற்பதும் உண்டு. எனவே கடைசித் தீர்ப்பைச் சாலைதான் வழங்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை உப்புத்தாளில் ஒரே திசையில் பலமுறை தேயுங்கள். பிறகு உருப்பெருக்கி வழியே பாருங்கள். தேய்த்த திசைக்குக் குறுக்கே நுண்ணிய வரப்புகள் தெரிகின்றனவா? பிரிட்டனில் ரப்பர் ஆய்வு செய்த ஷல்லமாக் 1950களில் இவ்வரப்புகளை விரிவாக ஆராய்ந்தார். உராயும்போது வரப்பின் நுனி மடங்கி இழுபடுகிறது. அடியில் வெடிப்பு வளர்கிறது. முடிவில் துணுக்கு கிழிந்து விழுகிறது. தேய்மானம் என்பது இத்தகைய ஆயிரமாயிரம் கிழிசல்களே!

கணிப்பொறியில் ஓடும் டயர்

இன்று கணிப்பொறியிலும் டயரை ‘ஓட்டுகிறார்கள்’. டயரின் வடிவத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். சாலையைத் தொடும் ஒவ்வொரு கூறிலும் உராய்வு விசை எவ்வளவு, வழுக்கிய தூரம் எவ்வளவு என்று கணிக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் உராய்வில் செலவான ஆற்றல் வரும். அதற்கேற்ற அளவு ரப்பரை நீக்கி, மாறிய வடிவத்தை மீண்டும் ஓட்டுகிறார்கள். நேர்ச்சாலையைவிட வளைவில் வழுக்கல் மிகுதி. பக்கவாட்டு விசை இரு மடங்கானால் தேய்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும். திம்பத்தில் டயர் படும் பாடு இப்போது புரிகிறதல்லவா?

பட்டன் தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பட்டை ஒட்டும் ரீட்ரேடிங் தொழிலுக்கு நம் கோவை பெயர்பெற்றது. ஆனால் உள்ளுடல் கெடுமுன் டயரைக் கழற்றினால்தான் அது இயலும். பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மழைநீரை வெளியேற்றப் பள்ளம் போதாது, வண்டி வழுக்கும். அடுத்த முறை நிற்கும் காரையோ லாரியையோ கண்டால், அந்த மேட்டைத் தேடிப் பாருங்கள்!