நெடுந்தீவுக்குப் போகும் படகு

இந்தக் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறீர்களா? வீட்டில் போட்டிருக்கும் பட்டியலில் நெடுந்தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண நகரில் பஸ் ஏறினால் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தூரம் என்று தயங்க வேண்டாம். ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு விமான நிலையமே இல்லை. டோக்கியோவிலிருந்து கப்பலில் 24 மணி நேரம்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தங்கள் ஊரின் நினைவாக இதற்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிடுகுவேலி என்றால் இங்கே கல்வேலி: பவளக்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி வளவுகளைப் பிரித்திருக்கிறார்கள். பழைய கோட்டையின் இடிபாடு, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரம், ஐரோப்பியர் விட்டுச்சென்றவற்றின் வழிவந்த காட்டுக்குதிரைகள் எல்லாம் பார்க்கலாம்.

ஆனால் இது காட்சிச்சாலை அல்ல. சில ஆயிரம் பேர் வாழும் ஊர். நமக்குச் சுற்றுலாவான படகுதான் அவர்களுக்குப் பஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கும், கந்தோர் அலுவலுக்கும், சாமான் வாங்கவும் அதில்தான் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் எல்லாம் நின்றுவிடும். 1985 மே 15 அன்று இப்படிப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னும் குமுதினி ஓடியது. தீவாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே, படகில் வயதானவர்களுக்கும் நோயாளர்களுக்கும் இடம் விடுங்கள். கிணறுகள் பல உவர். கடும் வரட்சியில் குதிரைகளே தண்ணீரின்றிச் செத்திருக்கின்றன. குடிதண்ணீரைக் கொண்டு போங்கள். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்க வேண்டாம். வேலியிலிருந்து ஒரு கல்லும் எடுக்க வேண்டாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ரொறன்ரோவில், உங்கள் பக்கத்து வாங்கிலேயே நெடுந்தீவார் ஒருவர் இருக்கக்கூடும். போகுமுன் அந்த அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கிணற்றைத் தேடிப் பிடித்து, ஒரு படம் எடுத்து வந்து காட்டுங்கள்.