எங்க காலத்துல...

நம் மும்பைத் தமிழர்களில் மூத்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், பேச்சு ஐந்தே நிமிடத்தில் பழைய பம்பாய்க்குப் போய்விடும். மெட்ராஸ் மெயிலில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியது, மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்தது, மெஸ் சாப்பாடு, முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர்... எழுபதைத் தாண்டிய எனக்கும் இந்தப் பேச்சு தேன்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள் மெல்ல நழுவுவதையும் கவனிக்கிறேன்.

வயதானவர்களிடம் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தையே அதிகம் சொல்கிறார்கள் என்று உளவியல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த வயதில்தானே! நம்மில் பலர் ஊரை விட்டு வந்ததும் அப்போதுதான். ஆகவே இளமையைப் பேசுவதில் தவறே இல்லை.

அந்த நினைவை அளவுகோலாக்கும்போதுதான் சிக்கல். "டிரங்க் கால் புக் பண்ணிட்டு மணிக்கணக்கா காத்துக் கிடந்தோம். உனக்கு என்னடா குறைச்சல்?" என்றால் பேரன் என்ன பதில் சொல்வான்? ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை கால் இருந்ததே அவனுக்குத் தெரியாது. தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அவன் கவலை நுழைவுத் தேர்வு, நிலையில்லாத வேலை, எட்டாத வீட்டு விலை. நம் கஷ்டத்தைக் காட்டி அவன் கஷ்டத்தைச் சிறிதாக்கினால், அடுத்த முறை அவன் நம்மிடம் வாயே திறக்க மாட்டான்.

எங்கள் கட்டடத்தில் எண்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர். வேலைக்காகத் தனியாக வெளியூர் போகவிருந்த பேத்தி, "தாத்தா, பம்பாய் வந்தப்போ உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். வீரப் பிரதாபம் வரும் என்று நினைத்தேன். "ரொம்பப் பயந்தேம்மா" என்றார் அவர். 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே கிளர்ச்சி நடந்தபோது இரவெல்லாம் தூங்காமல் கிடந்ததையும், ஊருக்கே திரும்பிவிட நினைத்ததையும், பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் தைரியம் சொன்னதையும் விவரித்தார். புத்திமதி ஒன்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நடுநடுவே, "திண்ணைன்னா என்ன தாத்தா? கடுதாசின்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கேள்விகள்தாம் முக்கியம். புதிய சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறமை இளமையில் உச்சத்தில் இருந்து பிறகு குறையும். சேர்த்து வைத்த அறிவும் சொல்வளமும் நெடுநாள் நிலைக்கும் என்று உளவியல் அறிஞர் ரேமண்ட் கேட்டல் அறிவை இரண்டாகப் பிரித்தார். செல்போனில் பேரனிடம் தோற்கும் நாம் சொல்லில் தோற்க மாட்டோம் என்பது இதனால்தான். பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, உத்தியோகத்துக்கு ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைப்பது வீட்டுப் பெரியவர்களின் பேச்சில்தான். நம் உபதேசத்துக்குப் பயந்து அவர்கள் எழுந்து போனால், கூடவே தமிழும் வெளியே போய்விடும். அந்த நஷ்டத்தை எந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

வயது நமக்குத் தரும் விவேகம் என்பது, அன்று நாமும் பயந்தோம், தடுமாறினோம் என்பதை மறைக்காமல் சொல்லத் தெரிவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையைச் சொல்வோம், "உனக்கு என்ன குறைச்சல்" என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுவோம். மிச்சத்தைப் பிள்ளைகளே கேட்பார்கள், தமிழிலேயே.