யிசிங் தேநீர்க் கெண்டிகள்: காலமும் உண்மையும்

சீன நாட்டின் கிழக்குப் பகுதியில், ஜியாங்சு மாகாணத்திலே, தைஹு என்னும் பேரேரியின் மேற்குக் கரையை அடுத்து யிசிங் என்னும் நகரம் உளது. அவ்வூர் மண்ணினாற் செய்யப்படும் தேநீர்க் கெண்டிகள் உலகப் புகழ் வாய்ந்தவை. உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறிய கெண்டி. பூவேலையோ பொன் முலாமோ பெரும்பாலும் இல்லை. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சும் இல்லை. ஆயினும், கு ஜிங்ஜோ என்னும் கலைஞர் 1948 ஆம் ஆண்டிற் செய்த கெண்டியொன்று, 2010 ஆம் ஆண்டில் நடைபெற்ற ஏலத்தில் ஒரு கோடியே இருபது இலட்சம் யுவானுக்கும் மேலாக விலைபோயிற்று. இத்துணை விலை உள்ள இடத்தில் போலியும் உடன் பிறக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. எனவே, ஒரு கெண்டி எக்காலத்தது, அது மெய்யானதா என்று அறிவது எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது.

அதற்கு விடை காணுமுன் இக் கெண்டிகள் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. பண்டைச் சீனர் தேயிலையை அடைகளாக அழுத்தி வைத்திருந்து, பின்னர்ப் பொடியாக்கிப் பருகினர். மிங் வமிசத்தின் முதற் பேரரசர் 1391 ஆம் ஆண்டில், தேயிலை அடைகளைத் திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்தினார். உதிரி இலையை வெந்நீரில் ஊறவைக்கும் முறை பரவவே, அதற்கேற்ற கெண்டி தேவையாயிற்று. யிசிங் மண் அத் தேவைக்கு நன்கு பொருந்தியது. இரும்புச் சத்து மிகுந்த அம்மண்ணை ‘ஊதா மணல்’ எனச் சீனர் அழைப்பர். ஏறத்தாழ 1100 முதல் 1200 சென்டிகிரேட் பாகை வெப்பத்திற் சுட்டால், அது ஊதா கலந்த கபிலமாகவும், சிவப்பாகவும், வெளிர் மஞ்சளாகவும் மண்வகைக்கேற்ப நிறம் பெறும். நீர் கசியாது, எனினும் நுண்ணிய துளைகள் உடையதாதலின், தேயிலையின் மணத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்ளும்.

இனி, ஆய்வுக்கு வருவோம். கெண்டியைக் கையில் எடுப்பவர் முதலிலே அதனைக் கவிழ்த்து, அடியிலுள்ள முத்திரையைப் பார்ப்பர். ஆனால் சான்றுகளுள் எல்லாம் வலிமை குறைந்தது முத்திரையே. 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுயி மெங்சென் என்பவர் சிறிய கெண்டிகள் செய்வதிற் பெயர் பெற்றவர். அவர் மறைந்த பின்னரும், தலைமுறை தலைமுறையாக வேறு பலர் தாம் செய்த சிறு கெண்டிகளில் அவர் பெயரையே பொறித்து வந்தனர். அவ்வாறே சென் மன்ஷெங் (1768–1822) என்னும் அதிகாரி வடிவம் வகுக்க, யாங் பெங்னியன் முதலியோர் செய்த கெண்டிகளும் அவர்கள் காலந்தொட்டு இன்றுவரை படியெடுக்கப்படுகின்றன. இவையெல்லாம் வஞ்சனை என்று கொள்ளுதலும் தவறாகும். முன்னோரைப் பின்பற்றுதல் மரியாதை என்பது சீன மரபு. படியெடுத்தவன் ஏமாற்ற எண்ணாதிருக்கலாம். பின்னர் விற்றவன் எண்ணியிருக்கலாம்.

முத்திரையினாற் பயனே இல்லையோவெனின், உண்டு. ஒரு கெண்டி எவ்வளவு பழையது என்பதை முத்திரை நிறுவாது. அதனினும் பழையது அன்று என்பதை நிறுவும். ‘சீன நாட்டு யிசிங்’ என்னும் பொருள்தரும் நான்கெழுத்து முத்திரை, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசினர் தொழிற்சாலைப் பொருள்களில் இடப்பட்டது. அதனைத் தாங்கிய கெண்டியை மன்னர் காலத்தது எனக் கூறி விற்பவனை அந்த முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயமற்ற சான்று எங்கே கிடைக்கும்? மூடப்பட்ட கல்லறைகளிலும், மூழ்கிய மரக்கலங்களிலும் கிடைக்கும். அவை மூடுண்ட பின்னர் எவரும் அங்கே புதுப்பொருளை வைத்தல் இயலாதன்றோ? 1533 ஆம் ஆண்டில் அடக்கஞ் செய்யப்பட்ட வூ ஜிங் என்னும் அரண்மனை அலுவலரின் கல்லறை, 1960களில் நான்ஜிங் நகர்ப்புறத்தே அகழப்பட்டது. அதிலிருந்து மேல்வளைவான கைபிடியுடைய கெண்டியொன்று வெளிவந்தது. அதன் உடலிலே ஆங்காங்கு மெருகுத் துளிகள் தெறித்துள்ளன. பக்கத்தில் இருந்த மெருகிட்ட சாடிகளிலிருந்து சூளைக்குள்ளே சிந்திய துளிகள் அவை. கெண்டிகளைத் தனி மண் உறையில் மூடிச் சுடும் வழக்கத்தை லி மாவோலின் என்பவர் தொடக்கினார் என்று, மிங் காலத்தின் இறுதியில் ஜோ காவ்சி எழுதிய நூல் கூறுகின்றது. உறை வருமுன் நிலவிய முறையை இக் கல்லறைக் கெண்டி கண்முன் காட்டுகின்றது. இவ்வாறு நூலும் பொருளும் ஒத்துப்போகும்போதே வரலாறு உறுதி பெறுகின்றது.

1987 ஆம் ஆண்டில், பூஜியன் மாகாணத்து ஜாங்பூவில், 1610 இல் மறைந்த ஓர் அதிகாரியின் கல்லறையிலிருந்து ஷி தாபின் என்னும் பெருங்கலைஞரின் பெயர் பொறித்த கெண்டி கிடைத்தது. 1822 இல் மூழ்கிய ‘தெக் சிங்’ என்னும் சீன மரக்கலத்திலிருந்து 1999 இல் எடுக்கப்பட்ட பொருள்களுள்ளும் யிசிங் கெண்டிகள் இருந்தன. ஐயத்துக்குரிய ஒரு கெண்டியை, இத்தகைய காலம் தெரிந்த கெண்டிகளின் அருகே வைத்து ஒப்பிடுதலே முறையான ஆய்வாகும்.

ஒப்பிடும்போது வேலைப்பாட்டை நுணுகி நோக்குதல் வேண்டும். சிறந்த யிசிங் கெண்டி சக்கரத்தில் வனையப்படுவதன்று. மண்ணைத் தகடாகத் தட்டி, நீள்பட்டையாக வெட்டி, வளைத்துப் பொருத்தி, மரத்தட்டையால் மெல்ல மெல்லத் தட்டி உருண்டையாக்குவர். ஆகவே, உட்புறத்தில் பொருத்தின் சுவடு காணப்படலாம். சக்கரத்தின் வளையக் கோடுகள் உட்சுவரில் ஒழுங்காகச் சுற்றிவருமாயின் ஐயுறல் வேண்டும். மண் குழம்பை அச்சில் ஊற்றி வார்த்த மலிவான கெண்டியிலோ அச்சின் இணைப்புக் கோடு தெரியக்கூடும். மண்ணின் மணற்றன்மையும் மறைந்திருக்கும். மூக்கின் அடித்துளையும் ஒரு குறிப்பாகும். பழங் கெண்டிகளிற் பெரும்பாலும் ஒரே துளை. பின்னர்ப் பல சிறு துளைகள். பந்துபோற் புடைத்த வடிகட்டியோ 1970களை ஒட்டிப் பரவியது.

அடுத்தது மேற்பரப்பு. நெடுங்காலம் கையாளப்பட்ட கெண்டியிலே கைபடும் இடம் மினுங்கும். கை எட்டாத மூலைகளில் அழுக்குப் படியும். போலி செய்வோன் அவசரக்காரன். தேயிலைச் சாற்றிற் கொதிக்க வைத்தும், மண்ணிற் புதைத்தும், சப்பாத்து மினுக்கும் பசையைப் பூசியும் முதுமையை வருவிப்பான். அந்த முதுமை எல்லா இடத்திலும் ஒரே அளவாய் இருக்கும். கொதிநீரை ஊற்றினாற் பசையின் நாற்றமும் வெளிப்படலாம்.

விஞ்ஞானமும் துணைக்கு வருகின்றது. மண்ணிலுள்ள படிகத் துகள்கள் சூளையிற் சுடப்பட்ட நாள் முதலாக, இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. அவற்றை மீண்டும் சூடாக்கும்போது எழும் ஒளியை அளந்து காலத்தை மதிப்பிடலாம். ஆயினும் இதற்குக் கெண்டியைச் சிறிது துளைத்தல் வேண்டும். கிடைக்கும் விடையும் அண்ணளவானதே. செயற்கைக் கதிர்வீச்சினால் அதனை ஏமாற்றவும் கூடும்.

1930களிலே ஷாங்காய் நகரப் பழம்பொருள் வணிகர், யிசிங்கின் திறமைமிக்க கலைஞரை அமர்த்திப் பழங்கெண்டிகளின் படிகளைச் செய்வித்தனர். அவர்களுள் இளைஞரான கு ஜிங்ஜோவும் ஒருவர். அக்காலப் படிகளுட் சில, பின்னர் நூதனசாலைகளிலும் முன்னோரின் கைவண்ணமாகவே இடம்பெற்றன. இன்றோ கு ஜிங்ஜோவின் பெயரையே பிறர் போலியாகப் பொறிக்கின்றனர். மண்ணிலேயே போலி உண்டு என்பதும், நிறந்தரும் இரசாயனங்கள் கலக்கப்படுகின்றன என்பதும், 2010 ஆம் ஆண்டிற் சீனத் தொலைக்காட்சியினால் வெளியிடப்பட்டன.

ஆதலால் முத்திரை, மண், வேலைப்பாடு, மேற்பரப்பு, காலம் தெரிந்த ஒப்புப்பொருள், விஞ்ஞானச் சோதனை ஆகிய சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, அவை ஒத்துக் கூறுவதையே கொள்ளுதல் அறிவுடைமை. ஒன்று மறுப்பின், தீர்ப்பை ஒத்திவைத்தல் நன்று. போலியினால் நட்டமடைபவர் பணங்கொடுத்து வாங்கியவர் மட்டுமல்லர். பழைய பெருங்கலைஞன் தான் செய்யாத ஒன்றுக்கு உரியவனாக்கப்படுகிறான். அதனை உண்மையிற் செய்தவனோ, எத்துணைத் திறம் வாய்ந்தவனாயினும், தன் வேலையையும் பெயரையும் ஒருங்கே இழக்கிறான். கெண்டியின் காலத்தை ஆராய்பவர் இவ்விருவருக்கும் நீதி வழங்குகின்றவர் ஆவர்.