மயக்க டாக்டரிடம் மறைக்கலாமா?

காலை ஏழு மணி. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காகப் பச்சை அங்கியோடு காத்திருக்கிறார் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" "இல்லைங்க டாக்டர்." "தூக்க மாத்திரை, குடிப்பழக்கம்?" "அதெல்லாம் கிடையாதுங்க." ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர் மனைவி நர்ஸின் காதில் சொல்கிறார்: ஆறு மணிக்கு அரை டம்ளர் பால் காபி, மூன்று வருடமாக ராத்திரியில் தூக்க மாத்திரை, சாயங்காலமானால் குவார்ட்டர். ஆபரேஷன் தள்ளிப்போகிறது.

மயக்கவியல் நிபுணர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. எத்தனை முறை பார்த்தாலும் அவர்களுக்குப் பதைப்பு குறைவதில்லை. மறைக்கப்பட்ட மூன்றுமே மூளையையோ மூச்சையோ தொடுபவை.

அது தூக்கம் அல்ல

"ஊசி போட்டுத் தூங்க வைப்பாங்க" என்பதுதான் முதல் தவறான எண்ணம். தூங்குபவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். முழு மயக்கத்தில் கத்தி பட்டாலும் எழ மாட்டார். பாஸ்டன் நரம்பியல் ஆய்வாளரும் மயக்கவியல் நிபுணருமான எமரி பிரவுன், இதை மீட்டெடுக்கக்கூடிய 'கோமா' என்றே விளக்குகிறார்.

பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தத்தில் ஏறியதும், நரம்புச் செல்களை அடக்கி வைக்கும் 'காபா' ஏற்பிகளின் வேலை கூடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்புகிறது. தலையில் ஒட்டிய மின்முனைகளில் பார்த்தால் மெதுவான பெரிய அலைகள் எழும்; முன்மூளையில் ஆல்ஃபா அலைகள் ஒரே தாளத்தில் ஓடும். அப்போதும் மூளை அணைந்துவிடுவதில்லை. காதில் விழும் ஒலி, கேட்கும் பகுதி வரை போய்ச் சேருகிறது. அங்கிருந்து மற்ற பகுதிகளுக்குச் செய்தி போவதுதான் நின்றுவிடுகிறது. ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, ஆனால் தெருக்கள் அடைபட்டுவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

கெட்டமின் என்ற மருந்து வேறு வழியில் போகிறது. அது என்எம்டிஏ என்ற வேறு வகை ஏற்பிகளை அடைக்கிறது. வேகமான அலைகள் கூடுகின்றன, கண்கூடத் திறந்திருக்கலாம். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியபடி, புரோபோஃபால், கெட்டமின், மூச்சோடு இழுக்கும் செவோஃப்ளுரேன் ஆகிய மூன்றிலுமே மூளையின் முன்பகுதியிலிருந்து பின்னோக்கிப் போகும் தொடர்பு குலைகிறது.

பயங்களும் உண்மையும்

"நடுவில் முழிப்பு வந்துடுமா?" பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2014இல் வெளியானது. முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர்தான் அப்படித் தெரிவித்திருந்தார். "குழந்தையோட மூளை கெட்டுப்போகுமா?" கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக மயக்கம் பெற்றவர்களை ஐந்து வயதில் சோதித்த பன்னாட்டு ஆய்வு, 2019இல், அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்றது. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலியாமே?" ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கான வலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை.

தானாக எடுக்கும் மருந்து

மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் தூக்க மாத்திரையும், தினசரிக் குடியும் அதே காபா ஏற்பிகளைத்தான் தொடுகின்றன. பழகிய மூளைக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம். ஆபரேஷனுக்குப் பிறகு அவை திடீரென நின்றால் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். "மூலிகைதானே" என்று சாப்பிடும் அமுக்கரா சூரணமும் மயக்கத்தைக் கூட்டக்கூடும். இதையெல்லாம் மறைத்துவிட்டு, டாக்டர் சரியாக அளந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

தூக்கத்துக்கு மயக்க மருந்தையே நாடுவது இன்னும் ஆபத்து. 2009இல் பாப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தது வீட்டில் தூக்கத்துக்காக ஏற்றப்பட்ட புரோபோஃபாலால். மூச்சை நிறுத்தக்கூடிய மருந்து அது.



தயவுசெய்து

பால் காபிக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் இருமல்கூட வராது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குடிப்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் உறவினரை வெளியே அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்கள் சில நாட்கள் குழம்பிப் பேசலாம். சிலருக்கு மறதி வாரக்கணக்கில்கூட நீடிக்கும். பாட்டி கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, வந்திருப்பது யார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.